ஏழு காலேஜ் பார்த்தோம்

“ஒரு காலேஜப் பாக்கணும்னா மத்தியானம் ரெண்டு மணிக்குப் போலே. காலைல எல்லாத்தையும் கழுவித் தொடச்சு வச்சிருப்பான். ரெண்டு மணிக்குத்தான்…”

இவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது அண்ணாச்சி. மிச்சம் வரமாட்டேன் என்கிறது. சொன்னது எங்கள் பெரியப்பா. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ரெண்டு மணிக்குத்தான் உண்மையான முகம் தெரியும் என்றாரா, ரெண்டு மணிக்குத்தான் வாத்தியார்கள் தூங்குவார்கள் என்றாரா, நிச்சயமில்லை. ஆனால் என் மகளுக்காக நான் ஏழு காலேஜ் பார்த்தேன். ஏழையும் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் பார்த்தேன்.

உங்கள் மடியில் இருக்கிற ஃபைலைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். தப்பாக நினைக்கக் கூடாது. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், நாலு போட்டோ. சரிதானே? முன்னால் பெண்கள் சீட்டில் இருக்கிறதுதான் உங்கள் மகளா? பி.பி.ஏ.வா! பாருங்கள், என் மகளும் அதேதான். இந்தப் பஸ்ஸில் எத்தனை சீட் இருக்கிறது, எனக்கு உங்கள் பக்கத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

என் பேர் சிவசைலம். தென்காசிதான். பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். போன வருஷம் மார்ச்சில் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு அண்ணாச்சி, அவ்வளவுதான். என் மகள் கோமதிக்கு அப்போது பதினேழு வயசு. கூட்டிப் பார்த்தால் நான் அவளோடு இருந்தது மொத்தமே பதினேழு மாசம். ஒன்றரை வயசுப் பிள்ளையை ஒருத்தருக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அவளை எனக்குத் தெரியும். வந்து இறங்கியபோது பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சரி, நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறோம், நம் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய முதல் காரியம் இது, சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

சரியாகத்தான் செய்தேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

முதலில் பி.பி.ஏ.யே எனக்குப் பிடிக்கவில்லை. “பி.காம். படிச்சா நாலு எடத்துல கணக்கு எழுதலாம். பி.பி.ஏ. படிச்சு என்ன செய்வே?” என்று கேட்டேன். “கணக்கு எழுதுற ஆள வேலைக்கு வைப்பேன்ப்பா” என்றாள். செண்பகம், என் மனைவி, அடுப்படியில் இருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் ஒத்துக்கொண்டேன் பார்த்தீர்களா? இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பிள்ளை பேச்சைக் கேட்காதவன் என்று இன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு எண்ணம் இருக்கிறது.

அவள் மனசில் திருச்சியில் ஒரு காலேஜ் இருந்தது. அவளுடைய காமர்ஸ் டீச்சர் ஜெசிந்தா சொல்லிக் கொடுத்தது. அங்கே பி.பி.ஏ. ரெண்டாம் வருஷப் பிள்ளைகளே ஒரு வருஷம் காலேஜ் கேன்டீனை நடத்துவார்களாம். சாமான் வாங்குவது, சமையலுக்கு ஆள் பார்ப்பது, விலை வைப்பது எல்லாம் பிள்ளைகள்தான். “கேன்டீன் நடத்துறதுக்கா காலேஜுக்குப் போறது? நம்ம பஸ் ஸ்டாண்டுல நடத்துறானே, அவன் எந்தக் காலேஜு?” என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். “அவரு நஷ்டத்துல நடத்துறாருப்பா. ஏன் நஷ்டம்னு அவருக்கே தெரியல.”

சரி, திருச்சியும் பார்ப்போம், ஆனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது என்றேன். நியாயம்தானே?

முதலில் போனது திருநெல்வேலியில் ஒன்று. இதே பஸ்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே வந்தாள். பஸ்ஸில் அவளுக்கு வயிற்றைப் புரட்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலேஜில் லைப்ரரி பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ரெண்டு மணிக்குப் போனதால்தானே இது தெரிந்தது? வேண்டாம் என்றேன். திரும்பும்போது ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். ரெண்டு காபி சொன்னேன். “எனக்கு டீப்பா” என்றாள். காபி வாசனையே அவளுக்கு ஆகாதாம். பதினேழு வருஷமாக நான் மஸ்கட்டிலிருந்து டப்பா டப்பாவாகக் காபிப் பொடி அனுப்பியிருக்கிறேன்.

ரெண்டாவது மதுரை. அங்கே துறைத் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து கோமதியிடம் ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் மாடிப்படியில் ஒரு பக்கம் கைப்பிடி இல்லை. மூணாவது கோயம்புத்தூர். டை கட்டிய பையன் ஒருத்தன் சுற்றிக் காட்டினான். நான் தமிழில் கேட்டால் அவன் இங்கிலீஷில் சொல்கிறான். எனக்கு ரெண்டும் வரும் அண்ணாச்சி. எட்டாவது வரை தமிழ், அதற்குமேல் இங்கிலீஷ் மீடியம். ஒரு இடத்தில் என்ன குறை என்று ரெண்டு பாஷையிலும் கேட்க எனக்குத் தெரியும். அவனிடம் இங்கிலீஷிலேயே அரைமணி நேரம் கேட்டேன். கோமதி தள்ளிப் போய் நின்றுகொண்டு நோட்டீஸ் போர்டைப் படித்தாள்.

ஸ்டோர்ஸில் அதுதான் என் வேலை. பெட்டியைப் பிரித்ததும் எத்தனை நல்லது என்று பார்க்க மாட்டோம், எது உடைந்தது என்றுதான் பார்ப்போம். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரெண்டு மாசம் மாதிரி எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. காலையில் அவள் எனக்கு முந்திக் கிளம்பி நிற்பாள். பஸ்ஸில் பேசிக்கொண்டே வருவாள். ஆறாம் வகுப்பில் கையை ஒடித்துக்கொண்டது, பக்கத்து வீட்டுக்காரர் நாய் வளர்த்து அது ஓடிப்போனது, அவள் அம்மா ஒருமுறை என்னிடம் கோபித்துக்கொண்டு நாலு நாள் போனை எடுக்காதது. எல்லாம் நான் இல்லாதபோது நடந்தவை. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு ஊர் முடிந்ததும் அடுத்த ஊர் எது என்று நானே தேட ஆரம்பித்தேன். செண்பகம் சத்தம் போட்டாள்.

“அவதான் திருச்சின்னு சொல்லிட்டாள்லா? பெறகு எதுக்கு இந்த அலைச்சல்?”

“நாலு காலேஜப் பார்த்துட்டு முடிவு பண்ணணும்.”

“காலேஜப் பாக்கப் போறீயளா, டூர் போறீயளா?”

படித்தவள்தான், ஆனால் ஒரு காரியத்தை முறையாகச் செய்வது அவளுக்குப் புரியாது.

நாலாவதுதான் திருச்சி. அதையும் ரெண்டு மணிக்குத்தான் பார்த்தோம். கேன்டீனில் நல்ல கூட்டம். தலையில் வலைத்தொப்பி மாட்டின ஒரு பெண் “டோக்கன் முப்பத்தேழு, முப்பத்தேழு யாரு, சாப்பாடு ஆறுது” என்று கத்திக்கொண்டிருந்தாள். கோமதி நேரே அவளிடம் போனாள். “மிச்சம் வர்ற வடைய என்ன செய்வீங்க?” என்று கேட்டாள். அண்ணாச்சி, ஒரு காலேஜுக்குள் போய் முதலில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்தப் பெண் இவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம். ஒரு மணி நேரம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதில் எது என் மகள் சிரிப்பு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு வந்தாள். கை ஈரமாக இருந்தது. “வெள்ளிக்கிழமை வடை மிச்சமே வராதாம்ப்பா. திங்கக்கிழமைதான் வருமாம். ஏன் தெரியுமா? லீவுக்கு ஊருக்குப் போனவங்க வீட்டுச் சாப்பாடு கட்டிட்டு வந்துருவாங்க. அதக் கண்டுபிடிக்கவே அவங்களுக்கு மூணு மாசம் ஆச்சாம்!”

“டம்ளர் சரியா கழுவல” என்றேன். என் முன்னால் வைத்த டம்ளர் ஓரத்தில் சோப்பு நுரை இருந்தது, பொய் சொல்லவில்லை.

“நான் வந்து கழுவுறேன்ப்பா” என்றாள்.

திரும்பி வருகிற வழி முழுக்க வடைதான். யார் மாவாட்டுவது, யார் கணக்குப் பார்ப்பது, பேர் பேராகச் சொன்னாள். ஒன்றரை மணி நேரத்தில் அத்தனை பேரைத் தெரிந்து வைத்திருந்தாள். மதுரை தாண்டுகிற வரைக்கும் நான் ம் போட்டேன். அதற்கப்புறம் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

அப்ளிகேஷன் போட்டோம். போடாமல் இருப்பேனா? பிரவுசிங் சென்டரில் நானே கூட உட்கார்ந்தேன். தொடர்பு எண் என்கிற கட்டம் வந்தது. அவள் தன் நம்பரை அடிக்க ஆரம்பித்தாள். “பெரியவங்க நம்பர்தான் போடணும்” என்றேன். அழித்துவிட்டு என் நம்பரைப் போட்டாள். லிஸ்ட் எல்லாம் ஒட்ட மாட்டார்களாம், எடுத்தால் மெசேஜ் வருமாம், வந்ததும் சொன்ன தேதியில் ஒரிஜினலோடு நேரில் போய் நிற்க வேண்டுமாம். எங்கள் காலத்தில் போஸ்ட்மேன் வருவார், தெருவுக்கே தெரியும்.

தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து கேட்பாள். “ப்பா, ஏதாவது வந்துச்சா?” இல்லை என்பேன். நுரையோடு தலையாட்டிவிட்டுப் போவாள்.

வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? ஒரு காலேஜை நம்பி உட்கார்ந்திருந்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? கோவில்பட்டி பார்த்தோம். இங்கே பக்கத்தில் ஒன்று பார்த்தோம். அப்புறம் நாகர்கோவில். கோமதி வந்தாள், ஆனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கதை எல்லாம் தீர்ந்துவிட்டது போல. ஒருமுறை மட்டும் கேட்டாள். “ப்பா, ஒங்களுக்கு எந்தக் காலேஜுதான் பிடிக்கும்?” நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அதற்குள் எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது.

மெசேஜ் வரவில்லை.

ஜூன் கடைசியில் அவளே திருச்சிக்குப் போன் போட்டாள். மெசேஜ் அனுப்பிப் பத்து நாள் ஆயிற்றாம். நீங்கள் வரவில்லை, அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்று அங்கே போனை எடுத்த அம்மாள் சொன்னாள். கோமதி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னாள். கோமதி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “வரவே இல்லியேம்மா. நெட்வொர்க்கு என்ன லட்சணத்துல இருக்குன்னு ஒனக்கே தெரியும்” என்றேன். ஜெசிந்தா டீச்சர் வேறு பேசிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. “பரவாயில்லப்பா. எனக்காக எவ்வளவு அலைஞ்சீங்க. நீங்க என்ன செய்வீங்க” என்றாள்.

செண்பகம் அப்படி இல்லை. “ஒங்க போன்ல எல்லா மெசேஜும் வருது. விடிஞ்சா ரோசாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் வருது. இது மட்டும் வழி தெரியாமப் போயிட்டாக்கும்?” என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. வேறு பேச்சையும் அதிகம் எடுக்கவில்லை.

மற்ற ஊர்களில் எல்லாம் தேதி போய்விட்டது. இங்கே பக்கத்தில் பார்த்தோம் என்றேனே, அங்கேதான் சேர்த்தேன். பேர் எதற்கு, நல்ல காலேஜ்தான். வகுப்பில் இருபத்து மூணு பேர். படிக்கட்டில் ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது. காலேஜ் பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும். காலையில் எட்டுக்குப் போய் சாயங்காலம் ஐந்துக்கு வந்துவிடுவாள். ஒரு அப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள்.

இந்தத் தூக்குச்சட்டியா? அவளுக்குச் சாப்பாடு. காலையில் கட்டிக்கொண்டு போகலாம்தான், ஆனால் சூடு ஆறிவிடும். அதனால் தினமும் நானே இந்தப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கேட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வாள். “தேங்க்ஸ்ப்பா” என்பாள். சாயங்காலம் காலியாக வரும். அவள் சாப்பிடுகிறாளா, வேறு யாருக்காவது கொடுக்கிறாளா, தெரியாது. பார்த்தால் மெலிந்த மாதிரி இருக்கிறது. நான் கேட்கவில்லை.

மார்க் எல்லாம் நன்றாகத்தான் எடுக்கிறாள். சண்டை கிடையாது, முறைப்பு கிடையாது. எதைக் கேட்டாலும் “சரிப்பா”. போன மாசம் சொன்னேன், “ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் மதுரைக்குப் போயிட்டு வருவோமா? சும்மாதான்.” “அசைன்மென்ட் இருக்குப்பா.” அதற்கு முந்தி ஒருமுறை குற்றாலத்துக்குக் கூப்பிட்டேன். சீசன் நன்றாக இருந்தது. “தலைவலிப்பா.” கத்தினால்கூடப் பரவாயில்லை அண்ணாச்சி. நீ கெடுத்தாய் என்று ஒரு வார்த்தை சொன்னால், நான் ரெண்டு சொல்வேன், பேச்சு என்று ஒன்று இருக்கும். இவள் மஸ்கட்டுக்குப் போனில் பேசுகிற மாதிரி பேசுகிறாள். சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லாருக்கா, சரி வைக்கட்டுமா. பக்கத்து ரூமில் இருந்துகொண்டு.

எனக்கு இது ஒன்றுதான் விளங்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தானா? உங்கள் பிள்ளை எப்படி? உங்களோடு பேசுகிறதா? பேசும்? நல்லது. அதுவும் நல்லதுக்குத்தான்.

எந்த ஊரில் கிடைத்திருக்கிறது? சென்னையா! அம்மாடி. நாளைக்கா? இப்போது திருநெல்வேலி போய் அங்கேயிருந்து ரயில். சரி. மெசேஜ் எப்போது வந்தது? உங்கள் நம்பருக்கா? காட்டுங்கள், காட்டுங்கள். இதே மாதிரிதான். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். “நேரில் வரத் தவறினால்” என்கிற வரிகூட அப்படியே இருக்கிறது. இதை வாங்கியதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததா? எழுப்பிச் சொன்னீர்களா? ஓ. எழுப்பிச் சொன்னீர்கள்.

இல்லை, கண்ணில் தூசி. இந்த ஜன்னல் மூடாது.

என்ன கேட்டீர்கள்? வராத மெசேஜில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றா?

அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்க வேண்டும். நீங்கள் யாரோ, நான் யாரோ. இனிமேல் பார்க்கப் போவதில்லை.

நாகர்கோவிலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஏழாவது காலேஜ். நாலரை மணி இருக்கும், வள்ளியூர் தாண்டியிருந்தது, நல்ல வெயில். அவளுக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். வளைவில் பஸ் திரும்பும்போது தலை ஒருதரம் ஜன்னலில் இடித்தது. அப்புறம் தானாகவே இந்தப் பக்கம் சாய்ந்து என் தோளில் வந்து படிந்துவிட்டது. பதினேழு வருஷத்தில் முதல் தடவை அண்ணாச்சி. குழந்தையில் தூக்கியிருப்பேன், அது எனக்கு ஞாபகம் இல்லை. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மறு கையால் எடுத்தேன். இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, நாளை பகல் ஒரு மணிக்குள் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். இங்கிலீஷில் ஒரு தடவை படித்தேன், தமிழில் ஒரு தடவை படித்தேன். சான்றிதழ் எல்லாம் என் மடியில்தான் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் திருநெல்வேலி. அங்கே இறங்கினால் திருச்சிக்கு எத்தனையோ பஸ். தோளை லேசாக அசைத்தால் போதும், விழித்துக்கொள்வாள்.

மெசேஜை அழித்துவிட்டுப் போனைப் பையில் வைத்தேன்.